இரண்டாம் வரிசை, மூன்றாவது ஆள்

கற்பூரத்தை ஏற்றி அணைத்துச் சத்தியம் செய்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை: தன் மனைவி பாடிய இசைத்தட்டை முதன்முதலாகப் போட்டுக் கேட்ட அன்று, பலராமன் அவள் பாட்டைக் கேட்கவே இல்லை.

கூட வாசித்தவனைத்தான் கேட்டான்.

1959. சாரம் என்ற ஊரில் அவன் வீட்டுக் கூடம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தெருவே அங்கே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

கமலவேணி கடற்கரையோரத்து கிளப் ஒன்றில் ஜாஸ் பாடியவள். பக்கத்தில் நின்று கிளாரினெட் வாசித்தவன் பலராமன். அங்கே பேண்டு என்றால் மொத்தம் ஐந்து பேர். டிரம் அடிப்பவர் பகலில் தபால்காரர். பாரீசிலிருந்து வந்த ஒரு கம்பெனிக்காரர் ஒருநாள் அவள் பாட்டைக் கேட்டார். பாரீசில் பெரிய பேண்டோடு ஒரு தட்டு பாடித் தரவேண்டும் என்று கூப்பிட்டார். கூப்பிட்டது அவளை மட்டும்.

அவள் கப்பலேறி எட்டு மாதம் கழித்துத் தட்டு வந்தது. கூடவே ஒரு கடிதம்.

‘கேட்டுப் பாருங்கள். இன்னும் இரண்டு தட்டுக்குக் கூப்பிடுகிறார்கள். நீங்கள் வரச் சொன்னால் அடுத்த கப்பலில் வந்துவிடுகிறேன். இருக்கச் சொன்னால் இருக்கிறேன். ஒரு வார்த்தை தந்தி கொடுங்கள்.’

அந்த வார்த்தையைப் பலராமன் படித்த நிமிஷமே எடுத்து வைத்துவிட்டான். வா.

ஆனால் தட்டின் உறையில் ஒரு படம் இருந்தது. நடுவில் பட்டுப்புடவையில் கமலவேணி. பின்னால் இரண்டு வரிசையாக, கோட்டுப் போட்ட பதினெட்டு ஆண்கள். முன்னாலிருந்த இசைக்குறிப்புப் பலகைகள் மறைத்துக்கொண்டதால் யார் கையில் என்ன வாத்தியம் என்று தெரியவில்லை. கடல் உப்பில் ஒரு கப்பல் துருப்பிடிக்கிற அளவுக்கு நேரம் அவன் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கல்யாண வீடுகளுக்குப் பாட்டுப் பெட்டி வைக்கிற பக்கிரி, தட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான்.

“இன்னாடா இது, அப்பளம் மாரி இருக்குது. நடுவுல முப்பத்து மூணுன்னு போட்டிருக்கான்.”

பலராமனின் அக்கா செல்வாம்பாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “அவ வயசா இருக்கும். பாத்தியா தம்பி, நம்மகிட்ட இருபதுன்னு சொல்லித்தான கட்டி வெச்சாங்க!”

அது வயது இல்லை. நிமிடத்துக்கு முப்பத்து மூன்று சுற்றுச் சுற்ற வேண்டிய புது மாதிரித் தட்டு அது. பக்கிரியின் பெட்டிக்கோ எழுபத்தெட்டுச் சுற்று மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்கு அதுவும் தெரியாது.

பக்கிரி சாவி கொடுத்து முள்ளை வைத்தான்.

கமலவேணிக்குக் கனத்த குரல். மைக் இல்லாமலே கிளப் வாசல்வரை கேட்கும். இப்போது பெட்டிக்குள்ளிருந்து ஓர் அணில் பாடியது.

“குளுரு ஊரு. தொண்ட சுருங்கிப்போச்சு, பாவம்” என்றாள் செல்வாம்பாள், கொஞ்சம் சந்தோஷமாகவே.

பிறகு ஒரு கிளாரினெட் நுழைந்தது.

பலராமன் பெட்டிக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தான்.

மனிதன் வாசிக்கிற வேகமாக இல்லை. அதுகூடப் போகட்டும். கமலவேணி ஒரு வரியைப் பாடி முடித்தால், அவள் மூச்சு வாங்கி முடிக்கும்வரை காத்திருந்துதான் பலராமன் உள்ளே வருவான். ஆறு வருஷப் பழக்கம் அது. இவனோ அவள் மூச்செடுப்பதற்குள் வந்துவிட்டான். அவள் இழுத்தால் இழைந்தான், சிரித்தால் கூடவே சிரித்தான்.

“இன்னா வாசிப்புடா! உனுக்கு வராதுடா பலராமா இது” என்றான் பக்கிரி.

பலராமன் எழுந்துபோய்த் தன் கிளாரினெட்டை எடுத்து வந்தான்.

“திரும்பப் போடு.”

இரண்டாம் முறை விரல்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன. நான்காம் முறை கிளாரினெட்டின் துளையை மூடுகிற சாவி ஒன்று தெறித்து, சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் அந்த வருஷத்துத் தீபாவளியைத் துளைத்தது. ஏழாம் முறை, நான்கே நான்கு விநாடி, அவனைச் சரிக்குச் சரியாகப் பிடித்துவிட்டான். வேப்பமரத்துக் காக்கைகள் மொத்தமாகக் கிளம்பி உழவர்கரைப் பக்கம் போயின, செவ்வாய்க்கிழமைதான் திரும்பின.

ஐந்தாம் விநாடியில் பலராமனுக்கு மூச்சு தீர்ந்தது.

பெட்டிக்குள் இருந்தவனுக்குத் தீரவில்லை.

உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு பலராமன் உறையை மறுபடியும் கையில் எடுத்தான். இரண்டாம் வரிசையில் மூன்றாவது ஆளைக் கண்டுபிடித்தான். மெல்லிய மீசை, சாய்ந்த தலை, கமலவேணியின் கழுத்தைப் பார்க்கிற கண். கிளாரினெட்காரன் முகம் இப்படித்தான் இருக்கும். பலராமன் முகமும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது.

“கூப்புட்டுக்கோடா அவள” என்றாள் செல்வாம்பாள், முதல் முறையாகப் பயந்துபோய்.

“இவங்கூட பாடினவ, எங்கூட இன்னாத்த பாடுவா?”

சட்டை மாட்டிக்கொண்டு, வெயிலில் நடந்தே தந்தி ஆபீசுக்குப் போனான். தாளில் முதலில் ‘வா’ என்றுதான் எழுதினான். பேனாவை எடுக்காமல் அங்கேயே நின்றான். பின்னால் நின்றவர் செருமினார். அதை அடித்துவிட்டு, ‘இரு’ என்று எழுதிக் கொடுத்தான்.

கமலவேணி இருந்துவிட்டாள்.

பக்கிரியின் பெட்டியில் இரண்டு மடங்குக்கு மேலான வேகத்தில் சுற்றியதால் அப்படிக் கிறீச்சிட்டது, அடித்தொண்டையில் உறுமுகிற ஒரு பெரிய சாக்ஸபோன். அந்தப் பதினெட்டுப் பேரில் கிளாரினெட்காரர் ஒருவர்கூடக் கிடையாது; ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் கமலவேணி கேட்டு வாங்கிய ஒரே நிபந்தனை அது.