வாயில் நுழையாத படிப்பு

"யாராச்சும் கேட்டா கம்ப்யூட்டர் சயின்ஸ்னு சொல்லோணும். என்ன கண்ணு?"

காரை ஓட்டியபடியே கண்ணாடியில் மகளைப் பார்த்தார் நஞ்சப்பன். பின்சீட்டில் தென்றல் பாயசப் பாத்திரத்தை மடியில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேட்டி என்ற ஊரில் சேனாபதி வீட்டு பாட்லக்; ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுபோகிற விருந்து. நஞ்சப்பனின் கம்பெனியில் சேனாபதி டைரக்டர். அதனால் பாயசத்தில் முந்திரி கொஞ்சம் தாராளம்.

"போன மாசம் கோயில்ல ஏஐன்னீங்க. அதுக்கு முன்னாடி ரோபோன்னீங்க. ஏனுங்க, எதாச்சும் ஒண்ணுல நில்லுங்க," என்றாள் முன்சீட்டில் இருந்த மனைவி பவளம்.

"எல்லாம் கம்ப்யூட்டர் சயின்ஸுக்குள்ளதான் வருது பவளம்."

தென்றல் யுனிவர்சிட்டியில் சேர்ந்தது மியூசிக் சாஃப்ட்வேர் அண்ட் ஆடியோ புரோகிராமிங். வீணைக் கம்பி எப்படி அதிர்கிறது என்பதைக் கணக்காக எழுதி, கம்பியே இல்லாமல் கம்ப்யூட்டரை மீட்ட வைக்கிற பட்டப்படிப்பு. ஆனால் அந்தப் பெயரில் 'மியூசிக்' இருந்தது. "பாட்டு கிளாஸுக்கா யுனிவர்சிட்டி அனுப்பினீங்க?" என்று நஞ்சப்பனை யாரும் கேட்டதில்லை. கேட்டுவிடுவார்களோ என்று இரண்டு வருடமாக அவரே முந்திக்கொண்டு வேறு பெயர் சொல்லி வந்தார்.

"நாலு பேர் முன்னாடி ஒரே ஒரு தடவை அந்தப் பேரைச் சொல்லியிருக்கலாம்லப்பா?" என்றாள் தென்றல். எத்தனையோ முறை கேட்டதுதான். அவள் அவரிடம் கேட்டதும் அது ஒன்றுதான்.

"வாயில நுழையற பேரா அது?"

"எனர்ஜி டிரான்ஸிஷன் ஸ்ட்ராட்டஜி லீட்னு உங்க டைட்டில் மட்டும் நுழையுது?"

பவளம் சிரித்துவிட்டாள். நஞ்சப்பன் ரேடியோ சத்தத்தைக் கூட்டினார்.

சேனாபதி வீட்டு ஹால் இரண்டு மாடி உயரம். உள்ளே நுழைந்ததும் தென்றல் அண்ணாந்து பார்த்து ஒரு முறை கை தட்டினாள்.

"எதுக்கும்மா கை தட்டறே?" என்றார் சேனாபதி.

"ரூம் எப்படி ரெஸ்பாண்ட் பண்ணுதுன்னு பார்த்தேன் அங்கிள். எக்கோ ஜாஸ்தி. ரெண்டு பேர் பேசினாலே இருபது பேர் பேசற மாதிரி இருக்கும்."

"இட்டாலியன் மார்பிள்," என்றார் சேனாபதி, பெருமையாக.

தட்டில் பிரியாணி விழுந்ததும் விசாரணை ஆரம்பித்தது. பக்கத்துத் தெரு அனந்தராமன்தான் முதலில்.

"தென்றல் என்ன மேஜர் பண்றா?"

"கம்ப்யூட்டர் சயின்ஸ்," என்றார் நஞ்சப்பன், கேள்வி முடிவதற்குள். உடனே பேச்சைத் திருப்பினார். "நம்ம மகிழன் என்னங்க சார் எடுத்திருக்கான்?"

சேனாபதியின் முகம் வாடியது.

"அதை ஏன் கேக்கறீங்க! ஒரே பையன், ஆசைப்பட்டது கிடைக்கலை. மியூசிக் சாஃப்ட்வேர், ஆடியோ புரோகிராமிங்னு ஒரு டிகிரி. நம்ம பக்கத்துல ஒரே ஒரு யுனிவர்சிட்டியிலதான் இருக்கு. வருஷத்துக்குப் பன்னெண்டே சீட். மேத்ஸ், ஃபிசிக்ஸ், கோடிங், அதுக்கு மேல காதுக்கு ஒரு டெஸ்ட். கன்சல்டன்ட் வெச்சும் ரிஜெக்ட் பண்ணிட்டாங்க."

"அடடா! அப்புறம்?" என்றார் அனந்தராமன்.

"அப்புறம் என்ன, வேற வழியில்லாம கம்ப்யூட்டர் சயின்ஸ்ல போட்டோம்." சேனாபதி நஞ்சப்பனின் தோளைத் தட்டிக்கொடுத்தார். "நீங்க மனசை விட்டுடாதீங்க. அதுலயும் சில பசங்க நல்லா வராங்க."

அந்த ஆறுதல் நஞ்சப்பனுக்கு இறங்கவில்லை. தட்டைக் கீழே வைத்தார்.

"இருங்க சார். கம்ப்யூட்டர் சயின்ஸ்னு நான் சும்மா சுருக்கமாச் சொன்னேன். எல்லாருக்கும் புரியோணும்ல? எம்பொண்ணு படிக்கறது நீங்க சொன்ன அதேதான். அதே யுனிவர்சிட்டி. மியூசிக் சாஃப்ட்வேர் அண்ட் ஆடியோ புரோகிராமிங்!"

ஓர் எழுத்துகூடத் தடுக்கவில்லை. அந்த ஹாலில் அது இருபது பேர் சொன்னது போலக் கேட்டது.

"அந்தப் பன்னெண்டுல ஒருத்தியா!" அனந்தராமன் வாயைப் பிளந்தார்.

"பின்னே? தொட்டில்லயே தாளத்துலதான் சார் அழுவா!"

பவளத்தின் கையில் இருந்த கரண்டி பாயசத்துக்குள் விழுந்தது.

நஞ்சப்பன் நிறுத்தவில்லை. கம்பி அதிர்வதைக் கையை ஆட்டி விளக்கினார். வீணையில் ஆரம்பித்தது நடுவில் கிட்டாராக மாறியது. இதெல்லாம் தன் குடும்ப ரத்தத்திலேயே உண்டு என்றார். டைரக்டர் நின்றுகொண்டு கேட்டார். நஞ்சப்பன் சோபாவில் சாய்ந்துகொண்டு சொன்னார்.

தென்றல் சமையலறை மேடையோரம் நின்று அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் அவளுடைய உதடுகளும் சத்தமில்லாமல் கூடவே சொல்லின. கண்கள் நிறைந்துவிட்டன. மகளின் பூரிப்பைப் பார்த்து நஞ்சப்பனுக்கும் குரல் தழுதழுத்தது.

"இங்க வா கண்ணு! இப்ப என்ன புராஜெக்ட் பண்ணிட்டிருக்கேன்னு அங்கிளுக்கு நீயே சொல்லு!"

அவள் வந்தாள். சோபா அருகே குனிந்து, அப்பாவுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"போன திங்கக்கிழமை மேஜரை மாத்திட்டேன்ப்பா, என் சீட்டை வெயிட்டிங் லிஸ்ட்ல இருந்த வேற ஒருத்தருக்குக் குடுத்துட்டாங்க. இப்ப கம்ப்யூட்டர் சயின்ஸ்தான்... நீங்க இவ்வளவு நாளா சொன்னது பொய்யா இருக்க வேணாம்னு."