ஒரே ஒரு பூஜ்யம்

"காலையிலேர்ந்து திரையில அந்த ஒரு கோட்டையே பார்த்துட்டு உட்கார்ந்திருக்கீங்களே?"

பிரிவின் தலைமைப் பொறியாளர் மேடம் கேட்டதும் அறையில் ஏழு தலைகள் நிமிர்ந்தன. கேள்விக்கு உரியவர் மட்டும் நிமிரவில்லை. மின்வாரிய ஆபீசில் அவருக்கு 'நிதானம்' என்று பேர்.

மறுநாள் பழுது பார்க்க ஒரு பெரிய மின் லைனை நிறுத்த வேண்டும். மற்ற லைன்கள் தாங்குமா என்று கணினியில் ஓட்டிப் பார்த்து, ஐந்து மணிக்குள் சொல்ல வேண்டும். ஓட்டினாலோ, இரண்டாவது விநாடியில் வோல்டேஜ் கோடு எகிறித் திரையை விட்டே போய்விடுகிறது.

"லைன் தாங்காதா?"

"தாங்கும் மேடம். கணினி கணக்குப் போடுற நேர இடைவெளியைச் சின்னதாக்கி ஓட்டினா கோடு சமர்த்தா நிக்குது. கோளாறு லைன்ல இல்ல, கணக்குலதான்."

"கண்டுபிடிச்சீங்களா?"

"இப்பதான். புதுசா சேர்த்த ஜெனரேட்டரோட கன்ட்ரோலர் பதில் குடுக்குற நேரம் இருபது மில்லி செகண்ட்னு இருக்கணும். ரெண்டுன்னு இருக்கு. கணினி அஞ்சு மில்லி செகண்டுக்கு ஒரு தடவைதான் எட்டிப் பார்க்குது. அதுக்குள்ள இது எங்கயோ ஓடிடுது. 0.02-ன்னு போட வேண்டியதுல, புள்ளிக்கு அப்புறம் ஒரு பூஜ்யம் கூடுதலா விழுந்திருக்கு."

"ஒரு பூஜ்யம்!"

மேடம் ஆரம்பித்தார். கவனம் என்றால் என்ன, பொறுப்பு என்றால் என்ன, அந்தக் காலத்தில் தான் ஒவ்வொரு எண்ணையும் மூன்று தடவை சரிபார்த்தது எப்படி... இருபது நிமிஷம். பேசப் பேச அவருக்கே அது பிடித்துப் போயிற்று.

"விளக்கக் கடிதம் எழுதிக் குடுங்க."

"சரி மேடம்."

நாலரைக்கே அறிக்கை போய்விட்டது. கடிதமும் வந்தது. 'என் பொறுப்பில் உள்ள ஃபைலில் ஒரு எண் தவறாக இருந்தது. திருத்திவிட்டேன்.' அவ்வளவுதான்.

தப்பு எப்போது நடந்தது என்று எழுதவில்லையே! மேடமே ஃபைலைத் திறந்து பார்த்தார்.

எண் பதிவானது போன மார்ச்சில். நிதானம் இந்தப் பிரிவுக்கு வந்ததோ ஜூனில்.

பதிவு செய்தவர் பேரும் பக்கத்திலேயே இருந்தது. மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார். சந்தேகமே இல்லை, தன்னுடைய பேர்தான்.

நிதானத்தைக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"யார் போட்டதுன்னு தெரியும்ல? அப்பவே சொல்றதுக்கென்ன?"

"சொல்லலாம்னுதான் மேடம் பார்த்தேன். ஆனா ஏழு பேர் கேட்டுட்டிருக்கும்போது, அவ்வளவு நல்லா பேசிட்டிருந்தீங்களே..."