ராசிப்பல்

பழனிவேல் ஸ்டவ்வைப் பற்றவைத்தான். பாலைக் காய வைத்தான். இடது உள்ளங்கையில் பல்பொடியைக் கொட்டிக்கொண்டு பாப்பாவைக் கூப்பிட்டான்.

நேற்றோடு மனைவி மருதாயியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. சிறுவாச்சூர் ரோட்டில் உறவெல்லாம் பஸ் ஏறிப் போய்விட்டது. இன்று முதல் பாப்பாவுக்குப் பள்ளிக்கூடம், அவனுக்குப் பெரம்பலூரில் ஆபீஸ்.

பாப்பா வாயைத் திறந்தாள். ஏழு வயது.

இந்த வேலை அவனுக்குப் புதிது. திருச்சி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய நாள் முதல் மருதாயி இதை அவனுக்கு விட்டுக்கொடுக்கவே இல்லை. எழுந்து உட்கார முடியாமல் போன பிறகும் பிள்ளையைக் கட்டிலருகே கூப்பிட்டு, படுத்தபடியே தேய்த்துவிட்டாள்.

மருதாயிக்கு மேல்வரிசையில் இரண்டு பல் அதிகம். பெண் பார்க்கப் போன அன்று அவளுடைய பெரியம்மா உதட்டைத் தூக்கியே காட்டினாள்.

"ராசிப்பல்லு, மாப்ள. செத்துப்போன எந்தங்கச்சிக்கும் இப்புடித்தான். கடிச்சிட மாட்டா, பயப்படாதீங்க."

வீடே சிரித்தது.

அந்தத் தங்கச்சி, மருதாயியின் அம்மா, முப்பது வயதில் வயிற்றுவலியில் செத்தவள். அதையும் பல்லையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. பி.ஏ. படித்த பழனிவேலும்தான்.

திருச்சி டாக்டர் சேர்த்துப் பார்த்தார். மருதாயியின் தாடையில் புளியங்கொட்டை போலிருந்த எலும்பு முடிச்சை அழுத்திப் பார்த்தார். குடல் முழுக்க மொட்டு மொட்டாக வளர்ந்து புற்றாகிவிட்டது, பரம்பரையாக வருவது, கூடுதல் பல்லும் இந்த முடிச்சும்தான் முன்கூட்டியே தெரியும் அடையாளம் என்றார். பிள்ளைக்கு இருக்கிறதா என்று கேட்டார்.

இல்லைங்க சார் என்றான். அவன் பார்த்ததே இல்லை.

இப்போது விரல் பாப்பாவின் மேல்வரிசைக்குப் பின்னால் போனது. கூராக ஒன்று இடறியது. பக்கத்தில் இன்னொன்று.

கட்டைவிரல் வெளியே தாடையைப் பற்றியிருந்தது. அதற்கடியில் சின்னதாக, கெட்டியாக.

"அந்தப் பல்லத் தேய்க்காதீங்கப்பா. அங்க தொட்டா அம்மா அழுவும்."

பல்பொடி கரைந்த எச்சில் அவன் மணிக்கட்டில் வழிந்தது. பால் பொங்கி ஸ்டவ் அணைந்தது.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள், கடைசியாக என்ன சொன்னாள் என்று. பாப்பாவைப் பார்த்துக்கச் சொன்னாள் என்றே எல்லாருக்கும் சொன்னான்.

அவள் சொன்னது அது இல்லை. ஜுரத்தில் பிதற்றுகிறாள் என்று அவன் விட்டுவிட்டது.

"பாப்பாவுக்கு நீங்க பல்லு வெளக்கிவிடாதீங்க. அவளே வெளக்கிக்கட்டும்."