நாலு நாலு ஒண்ணு ஏழு

"பெரியக்கா, உங்க மூட்டு வலி மாமா லைன்ல இருக்கார்" என்று சிரித்துக்கொண்டே போனை நீட்டினாள் பக்கத்து மேஜைக்காரி.

பிசியோதெரபிஸ்டுகளுக்கு லைசென்ஸ் கொடுக்கும் அலுவலகம் அது. வருஷா வருஷம் லைசென்ஸைப் புதுப்பித்துக் கொடுப்பதும், இன்னாருக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று யார் கேட்டாலும் பார்த்துச் சொல்வதும் பெரியக்காவின் வேலை. போலியிடம் போய் மாட்டிக்கொண்டு, இருக்கிற வலிக்கு மேல் இன்னொரு வலியை வாங்கி வராமல் இருக்க ஜனங்களுக்கு அப்படி ஓர் ஏற்பாடு.

"வணக்கம்மா. நாலு நாலு ஒண்ணு ஏழு. இந்த வருஷமும் இருக்குதா?"

ஆறு வருஷமாக இதே குரல், இதே எண். அந்தப் பிசியோதெரபிஸ்டின் பெயரைச் சொன்னால் தேடச் சுலபம் என்று முதல் தடவையே கேட்டுப் பார்த்தாள். "நம்பர் போதும்மா" என்று முடித்துவிட்டார்.

மற்ற வருஷங்களில் பட்டென்று "இருக்கு சார்" என்று சொல்லிவிடுவாள். இன்று கம்ப்யூட்டர் வேறு சொன்னது.

"இன்னும் புதுப்பிக்கலை சார். இன்னிக்குத்தான் கடைசி நாள். அஞ்சு மணிக்குள்ள வரலைன்னா நம்பரை எடுத்துடுவாங்க."

அந்தப் பக்கம் இருமல் சத்தம் கேட்டது.

"நம்ம ஊர்லயே லைசென்ஸ் உள்ளவங்க எத்தனையோ பேர் இருக்காங்க சார். பேர் சொல்றேன், குறிச்சுக்குங்க. இத்தனை வருஷமா வலியை வெச்சுக்கிட்டு எதுக்கு இப்படி அவஸ்தைப்படறீங்க?"

"வேணாம்மா. எனக்கு அந்தக் கைதான் வேணும்."

"அவ்வளவு கைராசியா?"

"ஆமாம்மா." நாலைந்து தடவை இருமினார். "அஞ்சு மணிக்குத் திரும்பக் கூப்பிடறேன். கோவிச்சுக்காதீங்க."

பெரியக்காவுக்கு மனசு என்னவோ போல் ஆகிவிட்டது. விசித்திரமான மனுஷன். கிளினிக் எங்கே என்று இதுவரை கேட்டதில்லை. கேட்டாலும் விலாசத்தைச் சொல்ல விதி கிடையாது, அது வேறு விஷயம். 'இருக்கு' என்ற ஒரே ஒரு வார்த்தையை வாங்கிக்கொண்டு ஒரு வருஷத்தை ஓட்டிவிடுகிறார். ஒருத்தரை இப்படி ஏங்க வைக்கும் அந்தப் பிசியோதெரபிஸ்ட் மேல்தான் அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது.

நாலே முக்காலுக்கு, மூச்சு வாங்க ஒரு பெண் கவுண்டர் முன்னால் வந்து நின்றாள். படிவத்தில் எண் 4417.

"ஏம்மா, இவ்வளவு நேரம் கழிச்சா வருவீங்க? அந்த மனுஷன் காலையிலேருந்து உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கார்."

"பொண்ணுக்கு மூணு நாளா ஜுரம் மேடம்." அவசரமாகக் கையெழுத்துப் போட்டாள். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய தழும்பு.

பெரியக்கா விடுவதாயில்லை. "அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி நீங்க லைசென்ஸை ரத்து பண்ணத்தானே வந்தீங்க? உங்க பேரைச் சொல்லாம ஒருத்தர் உங்க நம்பரைக் கேட்டுக்கிட்டே இருக்கார்னு நான் சொன்னதும் படிவத்தைக் கிழிச்சுப் போட்டீங்க. அப்புறம் என்ன? ஒரு நாள் அந்த முட்டியைப் பார்த்து அனுப்பக் கூடாதா?"

அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரியாக ஐந்து மணிக்கு அது அடித்தது. பெரியக்கா வேண்டுமென்றே ஸ்பீக்கரை அழுத்தினாள்.

"நாலு நாலு ஒண்ணு..." இருமல் வந்து பாதியில் மறித்தது.

"இருக்கு சார். இப்பத்தான் புதுப்பிச்சாங்க."

"இருக்குதா..." நீளமாக மூச்சு விட்டார். "சரிம்மா. அது போதும். அடுத்த வருஷம் கூப்பிடறேன்."

பேசுகிறீர்களா என்று பெரியக்கா கண்ணால் கேட்டாள். அவள் வாயைப் பொத்திக்கொண்டு வேண்டாம் என்று தலையாட்டினாள். லைன் கட் ஆனது.

"இருமல் இன்னும் விடலை" என்றாள் மெல்ல. "மூட்டு வலி மட்டும் அவருக்கு என்னிக்குமே கிடையாது மேடம்."

"அவரைத் தெரியுமா உங்களுக்கு?"

"அப்பா. என்னோட முதல் சர்டிபிகேட்டை பிரேம் போட்டு ஹால்ல மாட்டினவர். என் இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணிக்கிட்டேன்னு, செத்தாலும் என் பேரைச் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டார். அதான் நம்பரைச் சொல்றார்."

"அப்போ ஒரு வார்த்தை பேசியிருக்கலாமேம்மா?"

"பேசினா போனை வெச்சுடுவார். அப்புறம் கூப்பிடவே மாட்டார்."

பெரியக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு புது லைசென்ஸை நீட்டினாள். "பத்திரமா கிளினிக்ல மாட்டி வைங்க."

அவள் அதை நாலாக மடித்து, பைக்குள் நூல்கண்டுகளுக்கு நடுவே செருகினாள்.

"கிளினிக் எங்க மேடம் இருக்கு? ரத்து பண்ண வந்த அன்னிக்கே அந்த வேலையை விட்டுட்டேன். இப்ப தையல் மிஷின்தான் சோறு போடுது. அப்பா கேட்டா நீங்க 'இருக்கு'ன்னு சொல்லணுமே, அதுக்கு மட்டும்தான் இது."