வெறும் பட்டை

பதினெட்டு முடிந்தவர்கள் சோதனைக் கூடத்தில் நடந்து காட்ட வேண்டும். மணிக்கட்டில், தோல் வழியாகப் போதை ஏற்றும் மதுப்பட்டை ஒட்டுவார்கள். பெண்களுக்குச் சின்னது, ஆண்களுக்குப் பெரியது. தள்ளாடாதவர்கள் பின்னாளில் மொடாக்குடியர் ஆவார்களாம். அவர்களுக்குச் சிவப்பு அட்டை. ஜெனிட்டாவின் அண்ணன் நேராக நடந்து அதை வாங்கியவன். அவனுக்கு இன்றுவரை யாரும் வேலை கொடுக்கவில்லை.

“பயப்படாமப் போடி,” என்றாள் அம்மா.

பட்டை ஒட்டி அரைமணியாகியும் ஜெனிட்டாவுக்கு ஒன்றும் ஏறவில்லை. வேறு வழியில்லாமல், இறந்துபோன அப்பாவைப்போல் நடந்தாள். இடது தோளைச் சரித்து, இல்லாத சுவரைத் தடவிக்கொண்டு.

கண்ணாடிக்கு வெளியே அம்மா சட்டென்று எழுந்து, ஒரு நாற்காலியை ஓரமாக இழுத்துப் போட்டாள்.

“உனக்கு ஒட்டினது வெறும் பட்டைம்மா,” என்றார் சோதனை அதிகாரி. “நடிக்கிறவங்களக் கண்டுபிடிக்க ஒட்டுறது.” சிவப்பு அட்டையை நீட்டினார்.

இனி நடிக்கத் தேவையில்லை. ஜெனிட்டா நிமிர்ந்து நடக்கப் பார்த்தாள். இடது தோள் நிமிரவில்லை. கை சுவரைத் தேடியது.

வாசலில் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். முகத்தைப் பார்க்கவில்லை.

“பாத்து வாங்க,” என்றாள். “படி இருக்கு.”

அப்பாவிடம் மட்டுமே அம்மா அப்படிச் சொல்வாள்.