மூன்று டிகிரி

கோபிநாத் மடிக்கணினியை மூடித் திறந்து மறுபடியும் பார்த்தார். எண் மாறவில்லை. அரை டிகிரிதான் வித்தியாசம்.

அரிமளம் பக்கத்தில் ஒரு காலனி. நாற்பது வீடு, நாற்பதுக்கும் சிமெண்ட் சீட் கூரை. சோதனைக்காக ராக்காயி வீட்டுக் கூரைக்கு மட்டும் வெயிலைத் திருப்பியடிக்கிற வெள்ளைப் பெயிண்ட் அடித்து, உள்ளே சூட்டை அளக்கும் சின்னப் பெட்டி ஒன்றை மாட்டியிருந்தார். பெயிண்ட் இல்லாத எதிர்வீடு அழகியுடையது. ஒப்பிட்டுப் பார்க்க அங்கேயும் ஒரு பெட்டி.

வெள்ளை வீட்டில் மூன்று டிகிரி குறைந்தால் மீதி முப்பத்தொன்பது வீட்டுக்கும் பெயிண்ட் வரும். இல்லாவிட்டால் பணம் தரும் வெளிநாட்டு அமைப்பு திட்டத்தை வேறு நாட்டுக்குக் கொண்டுபோய்விடும்.

அடுத்த வாரம் வெளிநாட்டில் பருவநிலை மாநாடு. அங்கே உலகம் முழுவதும் ஒன்றரை டிகிரிக்கு மல்லுக்கட்டும். கோபிநாத்துக்குத் தன் மூன்று கிடைத்தால் போதும்.

அழகியின் கைக்குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. "எங்க வீட்டுக்கு எப்ப சார் அடிப்பீங்க?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பாள். சீக்கிரம் ஆகிவிடும் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் முதல் வாரம் நாலு டிகிரி குறைந்திருந்தது. அன்றைக்கு அவருக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம் வாராவாரம் தேய்ந்து, மே மாதம் இப்படி வந்து நிற்கிறது. காலையில் சரியாகத்தான் இருக்கிறது, மதியத்தில் மட்டும் இப்படி.

ஏணி போட்டு ஏறிப் பார்த்தார். பெயிண்ட் உரியவில்லை. கண் கூசியது.

பெட்டிதான் கெட்டிருக்க வேண்டும். எப்போதும் காலை பத்து மணிக்கு வந்து பதினொன்றுக்குக் கிளம்பிவிடுகிறவர், முதல் தடவையாக மதியம் இரண்டு மணிக்கு ராக்காயி வீட்டுக் கதவைத் தள்ளினார்.

பாதிதான் திறந்தது. கதவுக்குப் பின்னால் கால்கள்.

ராக்காயியும் அவள் புருஷன் திருப்பதியும் மட்டும் குடியிருக்கும் ஒற்றை அறை. உள்ளே பத்தொன்பது பேர். ஒரு மூலையில் தாயம் ஓடியது. ஒருத்தி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். திருப்பதி சொந்த வீட்டிலேயே இடமில்லாமல் உட்கார்ந்தபடி குறட்டை விட்டார்.

பெட்டிக்கு நேர் கீழே அழகியின் குழந்தை குப்புறப் படுத்துத் தூங்கியது. முதுகில் வேர்க்குரு காய்ந்திருந்தது.

"வெயில்ல நிக்காதீங்க சார். அழகி, காலை மடக்கு, சாரு உக்காரட்டும்" என்றாள் ராக்காயி.

சரியான கணக்கு வேண்டுமென்றால் வழி சுலபம். பத்து நாளைக்கு மதியத்தில் அவரவர் வீட்டில் இருங்கள் என்று சொன்னால் போதும். இத்தனை பேரின் உடம்புச் சூடு இல்லாவிட்டால் மூன்று டிகிரி தானாக வந்துவிடும், பின்னாலேயே பெயிண்டும் வரும்.

அதைச் சொல்லத்தான் கோபிநாத் வாயைத் திறந்தார். குழந்தையின் முதுகைப் பார்த்தார். மனசு வரவில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

அங்கேயே மடியில் கணினியை வைத்து அறிக்கையை முடித்தார். 'எதிர்பார்த்த அளவு சூடு குறையாததற்குக் காரணம்' என்ற கட்டத்தில் ஒரே வரி எழுதினார்:

தெருவில் வெள்ளைக் கூரை ஒன்றுதான் இருக்கிறது.