ஒரே பூச்சு

“ஒரே பூச்சு போதும். வால்ல கம்பெனி பேர் தெரியக் கூடாது. கேமராக்காரங்க வர்றதுக்குள்ள முடி” என்று அவசரப்படுத்தினார் மேனேஜர்.

“ஆறு மாசம் முன்னாடி புது டிசைன்னு பத்து நாள் பார்த்துப் பார்த்து அடிச்சேன் சார்” என்றார் ஏணியில் நின்ற பெயின்டர்.

“கோடிகோடியாக் கொட்டினதே பேர் தெரியத்தான். இப்போ மறைக்க வேண்டியிருக்கு. லீவுல இருந்தும் கூப்பிட்டதும் ஓடி வந்தே பாரு, அதான் விசுவாசம்!”

கடைசி எழுத்தும் மறைந்தது. பெயின்டர் இறங்கினார். சோளக்காட்டில் கருகிக் கிடந்த விமானத்தில் அந்த வால் மட்டுமே முழுசாக இருந்தது.

“பொண்ணு வர்றான்னுதான் லீவே போட்டேன் சார். இதுலதான் வந்தா. சொந்தக்காரங்க யாரையும் போலீஸ் உள்ளே விடல. பூச்சு முடிஞ்சிருச்சு... நான் போய் அவளைத் தேடட்டுமா?”